பத்து மேட்டுப்பாளையம்

எங்கள் பக்கம் யாரும் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்வதில்லை. கீழ் கோத்தகிரியிலிருந்து கோத்தகிரி எவ்வளவு தூரம் என்று கேட்டால் முக்கால் மணி நேரம் என்போம். மேட்டுப்பாளையம் இரண்டு மணி நேரம். மழை பெய்து அரவேணு பக்கம் மண் சரிந்துவிட்டால் அதே மேட்டுப்பாளையம் நான்கு மணி நேரத் தூரத்துக்குப் போய்விடும். கீழ்நாட்டுக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மலைப்பாதையில் கிலோமீட்டர் கல்லை நம்பிக் கிளம்பியவன் சொன்ன நேரத்துக்கு எங்கேயும் போய்ச் சேர்ந்ததில்லை.

நான் முப்பது வருஷம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து லாரி ஓட்டினேன். எடை போட்ட இலையை ஏற்றிக்கொண்டு ஃபாக்டரிக்குப் போவதும், வெறும் சாக்கோடு திரும்புவதும்தான் வேலை. கிலோமீட்டர் காட்டும் முள் நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே செத்துக் கிடந்தது. ஓய்வு பெற்ற நாளிலும் அது அப்படியேதான் இருந்தது. அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

அப்படிப்பட்ட என்னிடம் ஒரு நாள் காலை என் மகள் ஃபோனில் சொன்னாள்.

"அப்பா, கோயமுத்தூர்ல இருந்து இங்க எட்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். நடுவுல அபுதாபில பிளேன் மாறோணும். எல்லாஞ் சேத்தி இருவது மணி நேரந்தானுங்கப்பா."

'இங்க' என்று அவள் சொன்னது டப்ளின். எங்களுக்கு ஒரே மகள். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். மாப்பிள்ளைக்கும் அங்கேதான் வேலை. தலைச்சன் பிரசவம். அம்மாவை அனுப்பி வையுங்கள் என்று கேட்கத்தான் கூப்பிட்டிருந்தாள். ஒரு டிக்கெட்டுக்கு மேல் அவர்களால் முடியாது. எங்கள் வீட்டில் இரண்டு மாடும் கொஞ்சம் தேயிலையும் இருப்பதால், நான் போவதாக ஒரு பேச்சே எழவில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. என் மனைவிக்கு வண்டி ஆகாது. ஏறி உட்கார்ந்து இரண்டு வளைவு திரும்பினால் போதும், வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்துவிடும்.

டிரைவருக்கு வாக்கப்பட்டவளுக்கு வண்டி ஆகாது என்றால் ஊர் சும்மா விடுமா? கல்யாணமான புதிதில் ஃபாக்டரியில் ஆளாளுக்கு என்னை ஓட்டினார்கள். உன்ற லாரி ஓட்டற லட்சணம் அப்படி என்றார்கள். பெண் பார்க்கப் போனபோது, சமைக்கத் தெரியுமா என்று கேட்டோம், கொழுந்து எவ்வளவு எடுப்பாள் என்று கேட்டோம். வண்டி ஆகுமா என்று கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அவள் பக்கத்து எஸ்டேட்டுக்காரி. கல்யாணத்துக்கே தேயிலைக்குள் குறுக்கு வழியில் நடந்துதான் வந்தாள். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் அந்த மேட்டில் ஏறி வந்த வேகத்தைப் பார்த்து என் சொந்தக்காரர்கள் அசந்துபோனார்கள். அதே கால்காரியை பஸ்ஸில் ஏற்றினால் துவைத்துப் போட்ட துணி மாதிரி ஆகிவிடுவாள்.

செய்யாத வைத்தியம் இல்லை. எலுமிச்சம்பழத்தை முகர்ந்தாள், இஞ்சி மரப்பா தின்றாள், வயிற்றில் செய்தித்தாளை மடித்துக் கட்டினாள், மாத்திரை போட்டாள். முன் சீட்டில் உட்கார்ந்தால் வராது என்று கண்டக்டர் ஒருவர் சொன்னார். முன் சீட்டில் உட்கார்ந்தால் வளைவு முன்கூட்டியே கண்ணில் படுகிறது, அதனால் வாந்தியும் முன்கூட்டியே வருகிறது என்றாள் இவள். கோத்தகிரி வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு போய் வருவாள். அதற்குக் கீழே இறங்குவதை நிறுத்திவிட்டாள்.

கடைசியாக அவள் மேட்டுப்பாளையம் போனது, மகளுக்கு ஐந்து வயதில், கோயில் வேண்டுதலுக்காக. பஸ்ஸில் அன்றைக்கு இவள் பட்ட பாட்டை நான் விவரிக்கப் போவதில்லை. மகள்தான் சீட்டின் மேல் ஏறி முட்டி போட்டு நின்று, இரண்டு கையாலும் அம்மாவின் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். வாந்தி எடுப்பவர்களுக்கு நெற்றியைத் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று யாரைப் பார்த்துக் கற்றாளோ தெரியாது. பிடித்தபடியே டிரைவரைப் பார்த்து, "மாமா, மெதுவாப் போங்க, எங்கம்மாளுக்கு ஆகாது" என்று கத்தினாள். பஸ்ஸே சிரித்தது. டிரைவர் வேகத்தைக் குறைத்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

மகள் கோயம்புத்தூரில் நர்ஸிங் படித்தபோது இவள் ஒரு முறைகூடப் போய்ப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மற்றப் பிள்ளைகளின் அம்மாமார்கள் சோறு நிறைத்த தூக்குப்போசியோடு ஹாஸ்டலுக்கு வருவார்கள். எங்கள் வீட்டுத் தூக்குப்போசியோடு நான் போவேன். பட்டம் வாங்கிய அன்றைக்கும் நான்தான் போனேன். அவள் வெளிநாடு கிளம்பிய நாளில், இவள் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து, மகளின் கையில் முறுக்கு டப்பாவைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டாள். நாங்கள் ஏறிய ஜீப் திரும்பும் வரைக்கும் மகள் அம்மாவையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஏர்போர்ட் வாசலில் ஒவ்வொரு பெண்ணையும் ஒரு அம்மா கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தபோது என் மகள் என்னிடம், "நேரமாச்சுங்கப்பா, நீங்க மலை ஏறோணும், கெளம்புங்க" என்றாள்.

எதற்கும் அம்மா வந்ததில்லை என்று அவள் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. இந்த முறை மட்டும் ஃபோனில், "இந்த ஒரு வாட்டி அம்மா வரட்டுங்கப்பா" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்த மனைவியிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவள் கிலோமீட்டரைக் காதில் வாங்கவே இல்லை. இருபது மணி நேரம் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டாள். கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, கொஞ்ச நேரம் விரலை மடக்கினாள்.

"மேட்டுப்பாளையம் ரெண்டு மணி நேரம். அப்ப இது பத்து மேட்டுப்பாளையமுங்க" என்றாள்.

"அதுல பாதி நேரம் ஏர்போர்ட்டுல சும்மா உக்காந்திருக்கறது" என்றேன்.

"அப்ப அஞ்சு மேட்டுப்பாளையம். ஒண்ணையே தாங்க முடியலீங்களே."

பிளேனில் வளைவே கிடையாது, நேராகப் போகும் என்று சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மேல ஏறுமல்லங்க?"

"ஏறும்."

"நம்ம மலையவிட ஒசரமா?"

"எத்தனையோ மடங்கு ஒசரம்."

"வளையாம எப்படீங்க ஏறும்?"

முப்பது வருஷம் வண்டி ஓட்டியவன் நான். உயரம் ஏற வேண்டும் என்றால் வளைந்துதான் ஏற வேண்டும். இது எங்கள் ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். நேராக மேலே ஏறும் ரோட்டை நான் பார்த்ததில்லை, நேராக ஏறும் லாரியையும் பார்த்ததில்லை. பிளேனில் நான் கால் வைத்ததும் இல்லை. அவள் கேட்டது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

மகளுக்கு ஃபோன் போட்டு, வளைவு உண்டா இல்லையா என்று கேட்டேன். சிரித்துவிட்டு, ஒரு வளைவும் கிடையாது என்று சத்தியம் செய்தாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அம்மாவுக்குக் காட்டுங்கள் என்று, பிளேன் போகும் பாதையை ஒரு வரைபடமாக ஃபோனில் அனுப்பிவைத்தாள். கோயம்புத்தூரில் ஒரு புள்ளி, அபுதாபியில் ஒரு புள்ளி, டப்ளினில் ஒரு புள்ளி, நடுவில் கோடு. அந்தக் கோடு நேராக இல்லை. வில் மாதிரி மேலே வளைந்து போயிருந்தது.

"இதா, வளைவு" என்றாள் மனைவி.

பூமி உருண்டை, அதைத் தட்டையாக வரைந்தால் நேர்க்கோடு வளைந்த மாதிரி தெரியும் என்று மகள் எனக்கு விளக்கினாள். நான் அதைத் தேங்காயை வைத்து மனைவிக்கு விளக்கினேன். தேங்காயின் மேல் நூலைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருக்கும்போதே எனக்கே குழம்பிவிட்டது. கடைசியில், "சரி, வளைவுதான். ஆனா ஒரே ஒரு வளைவுதானே?" என்று இறங்கி வந்தேன்.

"ஒண்ணுதானுங்க. எத்தாப் பெருசு பாருங்க" என்றாள். அந்தத் தேங்காயை அன்றைக்குச் சட்னி அரைத்துவிட்டாள்.

இருந்தாலும் பாஸ்போர்ட்டுக்குப் போக ஒத்துக்கொண்டாள். அதற்குக் கோயம்புத்தூர் போயாக வேண்டும். வெறும் வயிற்றோடு, எலுமிச்சம்பழத்தோடு, மாத்திரை போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். கோத்தகிரி தாண்டியது. அரவேணு தாண்டியது. நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட ஆரம்பித்தேன். குஞ்சப்பனைக்கு மேலேயே வாந்தி ஆரம்பித்துவிட்டது. செக்போஸ்ட்டில் பஸ் நின்றதும் யாரையும் கேட்காமல் இறங்கிவிட்டாள். நானும் பின்னாலேயே இறங்கினேன். பஸ் போய்விட்டது. பாஸ்போர்ட் ஆபீஸில் குறித்துக் கொடுத்திருந்த நேரமும் அதோடு போனது.

பலாப்பழ சீசன். ரோட்டோரத்தில் பழத்தை அறுத்து அடுக்கி வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனையே அவளுக்கு ஆகவில்லை. சற்றுத் தள்ளி ஒரு பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். எனக்குக் கோபம். இத்தனை பேர் போய் வருகிற ரோட்டில் இவளுக்கு மட்டும் என்ன என்று கோபம். பழ வாசனைக்கு யானை வரும், எழுந்திரு என்று அதட்டினேன்.

"வரட்டுமுங்க" என்றாள். பிறகு என்னைப் பார்க்காமல் பேசினாள். "அவ படிச்சதுக்கும் நான் போகல. பட்டம் வாங்கறதுக்கும் போகல. பிளேன் ஏறுனப்பவும் போகல. ஒண்ணுஞ் சொல்ல மாட்டா அவ, உங்களாட்டவே. இதுக்கும் போகலீனா நான் என்னத்துக்குங்க அம்மான்னு இருக்கறது?"

எனக்கு அதட்டல் எல்லாம் அடங்கிவிட்டது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மேலே போகும் பஸ் வரும் வரைக்கும் அங்கேயே இருந்தோம்.

வீட்டுக்கு வந்து படுத்தவள் மறுநாள் காலையில் எழுந்து டீ போட்டுக் கொடுத்துவிட்டு, "வாந்தி நிக்கட்டும்னு பாத்தா இந்த ஜென்மத்துல போக முடியாதுங்க. எடுத்துட்டே போறேன். எடுத்தா எடுத்துட்டுப் போகுது, உசுரா போயிரும்?" என்றாள். இது எனக்குத் தோன்றாத வழி. நான் அதுவரைக்கும் வாந்தியை நிறுத்த வழி தேடிக்கொண்டிருந்தேன். அவள் வாந்தியோடு போகும் வழியைக் கண்டுபிடித்துவிட்டாள்.

அதன்பிறகு கவர் சேர்க்க ஆரம்பித்தாள். மளிகைக் கடையில், துணிக் கடையில், மருந்துக் கடையில் கொடுக்கும் கவர்களை எல்லாம் கழுவிக் காயவைத்து நான்காக மடித்தாள். ஓட்டை இருக்கிறதா என்று ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். ஐந்து மேட்டுப்பாளையத்துக்குக் கணக்குப் போட்டு, கூடுதலாகவும் கொஞ்சம் வைத்துக்கொண்டாள். பிளேனிலேயே கவர் கொடுப்பார்கள் என்று மகள் சொன்னதை நம்பவில்லை. பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் அவள் மலை இறங்கி ஏறியது எல்லாம் அந்தக் கவர்களின் தயவில்தான். ஆபீஸில் எடுத்த ஃபோட்டோவில் வெளுத்துப்போய் இருந்தாள். முகம் இப்படியா இருக்கும் என்று அதிகாரி கேட்டபோது, கீழே இறங்கினால் இப்படித்தான் இருக்கும் என்று நான் சொன்னேன்.

இங்கிலீஷ் தெரியாத அம்மா தனியாக வருவதால் மகள் வீல்சேருக்குச் சொல்லியிருந்தாள். அதில் உட்கார்ந்துவிட்டால் ஏர்போர்ட் ஆட்களே ஒரு பிளேனிலிருந்து இன்னொரு பிளேனுக்குத் தள்ளிக்கொண்டு போய் ஏற்றிவிடுவார்களாம். இதைக் கேட்டதும் மனைவிக்கு ரோஷம் வந்துவிட்டது.

"காலு நல்லாத்தானே இருக்குது? காலுக்கு என்ன கேடு வந்துச்சுன்னு என்னையத் தள்ளோணும்?"

காலுக்காக இல்லை, வழி தெரிவதற்காக என்று சமாதானம் செய்தேன். நடந்தே போகும் பாதை இருந்திருந்தால் அவள் டப்ளினுக்கு நடந்திருப்பாள் என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

புறப்படும் நாளில் பக்கத்து வீட்டுக்காரரின் காரை இரவல் வாங்கி நானே ஓட்டினேன். எட்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரை பிளேன்காரன் பார்த்துக்கொள்வான். மேட்டுப்பாளையம் வரைக்கும் என் பொறுப்பு. என் வாழ்நாளில் அவ்வளவு மெதுவாக நான் வண்டி ஓட்டியதில்லை. ஒவ்வொரு வளைவையும் அகலமாக எடுத்து, பிரேக்கை விரலால் தொடுவது போலத் தொட்டு, தூங்குகிற பிள்ளையை மடி மாற்றுகிற மாதிரி திருப்பினேன். பின்னால் டூரிஸ்ட் வண்டிகள் வரிசை கட்டி ஹார்ன் அடித்தன. ஒருத்தன் கண்ணாடியை இறக்கி, "வண்டிய ஓட்டறீங்களா, தள்ளறீங்களா?" என்று கேட்டுவிட்டு முந்திப் போனான். வாயில் வந்ததை அவனுக்குக் கேட்காமல் சொன்னேன்.

அப்படி ஓட்டியும் குஞ்சப்பனைக்குக் கீழே அவள் கவரை எடுத்துவிட்டாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்ததால் நெற்றியைப் பிடிக்க என்னிடம் கை இல்லை. ஓரமாக நிறுத்தினேன். அதற்குள் அவளே ஒரு கையால் தன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு முடித்திருந்தாள். வாய் கொப்பளித்துவிட்டு, "போலாமுங்க" என்றாள்.

ஏர்போர்ட் வாசலில் வீல்சேரில் உட்கார்ந்து, கவர்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு, மாட்டுக்கு இதைக் கொடுங்கள், இதைக் கொடுக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். கண்ணாடிக் கதவு மூடிய பிறகும் வாய் அசைவது தெரிந்தது. நான் அழவில்லை என்று எழுதினால் அது பொய்.

வீடு திரும்பி மாட்டைப் பார்த்தேன், தேயிலையைப் பார்த்தேன், வேலை ஓடவில்லை. அவள் எந்த மேட்டுப்பாளையத்தில் இருக்கிறாளோ என்றே நினைப்பு ஓடியது. மறுநாள் ஃபோன் வந்தது. மகள் நம்பர், மனைவி குரல்.

"வந்து சேந்துட்டனுங்க."

"எத்தன தடவ எடுத்தே?" என்றுதான் முதலில் கேட்டேன்.

"பிளேன்ல ஒரு தடவகூட இல்லீங்க. நம்மூட்டுல உக்காந்திருக்கற மாதிரியே இருந்துச்சு. வளையவும் இல்ல, ஒண்ணுமில்ல. அது தெரியாம நான் வழி பூரா பட்டினி கெடந்தனுங்க. ரெண்டு பிளேன்லயும் அந்தப் புள்ளைங்க சோத்தக் கொண்டாந்து கொண்டாந்து நீட்டுச்சுங்க. நான் வேண்டாம் வேண்டாம்னே வந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப அத்தன கவரும் வேஸ்ட்டா?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை.

"வேஸ்ட்டா போகலீங்க" என்றாள். "மாசமேறுன வயித்தோட என்னையக் கூப்பிட ஏர்போர்ட்டுக்கே வந்துட்டாளுங்க. ஊட்டுக்குப் போற வழில கார்ல அவளுக்குக் கொமட்டிருச்சு. மாப்பள வண்டிய ஓட்டறாரு, அவரு என்ன பண்ணுவாரு? நான் பக்கத்துலயே இருந்தேனுங்க. கவரு கைலயே இருந்துச்சு."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"ரெண்டு கையாலயும் நெத்தியப் புடிச்சுட்டனுங்க."